பித்ராவின் அமாவாசைகள்: லட்சத்தீவு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

லட்சத்தீவு ஒன்றியப் பிரதேச நிர்வாகத்தில் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தீவுகளுக்கு ஒரே ஒரு முறை வந்து எட்டு நாள் தங்கிப் போனவன் நான். அதைத் தாண்டி உங்களுக்கும் எனக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒரு சேதி எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. உங்கள் பித்ரா தீவில் களவா மீன்கள் கூடி முட்டையிடும் இடத்தைக் காக்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல், ஆனால் அந்தச் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பூர்வீக வீடு கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். தாத்தாவின் அப்பா கட்டியது. பின்கட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் கையை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். உற்றுப் பார்த்தால் கல் முழுக்கக் குட்டிக் குட்டி நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் மிளகளவுகூட இருக்காது. சின்ன வயதில் அதைக் கொத்தனார் செய்த வேலைப்பாடு என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு நட்சத்திரத்துக்குள்ளும் ஒரு உயிர் குடியிருந்தது என்பது பள்ளிக்கூடம் முடித்து வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அது முருகைக்கல். மன்னார் வளைகுடாவின் கடலடிப் பார்களிலிருந்து கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்த பவளம்.

என் தாத்தாவும் கொஞ்ச காலம் கல் வள்ளத்தில் போனவர். அப்போது யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. கடலில் கல் கிடக்கிறது, எடுக்கிறோம், அவ்வளவுதான். வீடு கட்டக் கொஞ்சம், காளவாயில் வேகவைத்துச் சுண்ணாம்பாக்கக் கொஞ்சம், பிற்காலத்தில் தொழிற்சாலைகளுக்கு லோடு லோடாக. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. கல்லெடுப்பு அடியோடு ஓய 2005 ஆயிற்று. அதற்குள் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. பூவரசன்பட்டி ஒன்று, விலாங்குச்சல்லி ஒன்று. எங்கள் ஊருக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1969-ல் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது. 2015-ல் அது 2 ஹெக்டேர் சொச்சம். அதையாவது தக்கவைக்க வேண்டும் என்று கான்கிரீட்டில் செயற்கைப் பார்களை வார்த்து, தீவைச் சுற்றிக் கடலடியில் வரிசையாக இறக்கினார்கள். தாத்தா காலத்தில் பவளத்தைப் பெயர்த்தெடுத்த கடலில், பேரன் காலத்தில் கான்கிரீட்டை இறக்குகிறோம். நான் நிற்கிற இடம் இது. இங்கிருந்துதான் உங்கள் கடலைப் பார்க்கிறேன்.

'பார்' என்ற சொல்லை எழுதும்போது இன்னொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்பார்கள். உங்கள் வரைபடத்திலும் அகத்திக்கு வடக்கே 'பெருமாள் பார்' என்று ஒரு பவளத்திட்டு இருக்கிறது. அதை முதன்முதலில் பார்த்தபோது சொந்த ஊர்க்காரர் ஒருவரை வெளியூரில் கண்டது போல இருந்தது. அந்தச் சொல்லின் உரிமையில்தான் இந்த மடலை எழுதத் துணிந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நீங்கள் அறியாததை நான் சொல்லப் போவதில்லை. 36 தீவுகள், 10-ல் மட்டும் மக்கள், மொத்த நிலம் 32 சதுர கிலோமீட்டர், ஆனால் அதைச் சுற்றிய களப்பு, அதாவது பாருக்குள் அடங்கிய ஆழமில்லாத கடல், மட்டும் 4,200 சதுர கிலோமீட்டர் என்று உங்கள் அலுவலகப் புத்தகங்களே சொல்கின்றன. எது பெரியது என்று கேட்டால் தண்ணீர்தான் பெரியது. அந்தத் தண்ணீரைச் சுற்றி ஒரு மதில் போல நிற்கிறது பவளப்பார். அதுதான் அலையை வெளியே உடைக்கிறது. அது உடைந்து, அரைபட்டு, மணலாகிக் கரையேறித்தான் தீவே உண்டாகியிருக்கிறது. அந்த மணலில் பெரும்பங்கு கிளிமீனின் வயிற்றில் அரைபட்டு வந்தது. பாசி மேய்வதற்காக அது பாறையைக் கரண்டித் தின்று, சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெள்ளை மணலாக வெளியே விடுகிறது. களப்பில் முகத்தை முக்கிக் காதைத் தீட்டிக் கேட்டால் அது பாறையைக் கடிக்கும் சத்தம் கறக் கறக்கென்று கேட்கும். வெற்றிலைப் பாக்கு மெல்லுகிற மாதிரி.

அந்தத் தீவில் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறதென்றால், மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதால்தான். பார் இளைத்தால் அலை உள்ளே வரும், கரை அரிக்கும், கிணறு உவர்க்கும். பங்காரம் பக்கத்தில் பரளி என்ற திட்டுகளில் ஒன்று 1968-ல் மூன்று ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இப்போது அது இல்லை. அங்கே ஆள் குடியில்லாததால் யாருடைய வீடும் போகவில்லை. அதனால்தானோ என்னவோ பேச்சும் அதிகம் எழவில்லை.

நான் வந்தது 2024 மே மாதத் தொடக்கம். அனுமதிச் சீட்டு வாங்கி, கொச்சியிலிருந்து அகத்திக்கு வந்தேன். தங்கியிருந்த வீட்டுக்காரர் சூரை மீன் பிடிக்கும் குடும்பத்தவர். எங்கள் காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவதுபோல நானும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டேன், அவரும் தம்பி என்றார். இரண்டாம் நாள் காலை கண்ணாடி மாட்டிக்கொண்டு களப்பில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். வெதுவெதுவென்று, குளிக்க விளாவி வைத்த வெந்நீர் மாதிரி. பத்து நிமிஷம் நீந்திப் போனதும் பவளம் வந்தது. கலைமான் கொம்பு போலக் கிளைத்த பவளக் காடு, ஒரு வீட்டுக் கூடம் அளவுக்கு. முழுக்க வெள்ளை. சுண்ணாம்படித்த வெள்ளையும் இல்லை, உள்ளே விளக்கு வைத்த மாதிரி மினுங்குகிற வெள்ளை. சில நுனிகளில் மட்டும் நீலமும் ஊதாவும் கசிந்தன. பார்த்த மாத்திரத்தில் அழகாகத்தான் இருந்தது. அந்த அழகு என்னவென்று தெரிந்ததும் வயிற்றைப் பிசைந்தது.

பவளப் பூச்சியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலை வைத்து அவை சமைத்துப் போடுகிற சாப்பாட்டில்தான் பவளம் வாழ்கிறது, நிறமும் அவற்றாலேயே. தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிடுகிறது. தசை கண்ணாடியாகி, உள்ளேயிருக்கும் எலும்பு தெரிகிறது. நான் பார்த்த வெள்ளை அந்த எலும்பு. அது இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் இறங்கினால் பிழைக்கும். இறங்காவிட்டால் சில வாரங்களில் அதன்மேல் பழுப்புப் பாசி படரும், அப்புறம் அது வெறும் கல். 2023 அக்டோபரிலிருந்தே லட்சத்தீவுக் கடலில் வெப்ப அலை நீடித்ததை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அந்த மே மாதம் தெரிவித்தது.

கரையேறியதும் காக்காவிடம் சொன்னேன். "98-லயும் இப்படித்தான் வெளுத்துச்சு தம்பி, அப்போ நாங்க இது என்னன்னே தெரியாம பாத்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் 2010, அப்புறம் 2016, இப்ப இது," என்று விரல்விட்டு எண்ணினார். நடுவில் எத்தனை வருஷம் என்று நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். பன்னிரண்டு, ஆறு, எட்டு.

இந்தக் கணக்குதான் முக்கியம். 1998 முதல் லட்சத்தீவுப் பார்களைத் தொடர்ந்து பார்த்துவரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் 24 ஆண்டுக் கணக்கை வெளியிட்டிருக்கிறார்கள். அகத்தி, கட்மத், கவரத்தி மூன்றிலும் உயிருள்ள பவளத்தின் பரப்பு 1998-ல் சுமார் 37 சதவீதம். 2022-ல் 20-க்கும் கொஞ்சம் குறைவு. ஏறக்குறைய பாதி போய்விட்டது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு சேதியும் இருக்கிறது. இரண்டு வெளுப்புக்கு நடுவே ஆறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி கிடைத்தபோது பவளம் மீளும் வேகம் நன்றாகவே கூடியிருக்கிறது. அதாவது உங்கள் பார்களுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. மூச்சு வாங்க அவகாசம் வேண்டும், அதைத்தான் கேட்கின்றன.

கடல் சூடாவதை உங்கள் தலைநகர் கவரத்தியில் உட்கார்ந்து நீங்கள் நிறுத்த முடியாது. அது தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் சூடு தணிந்த பிறகு பார் மீளுமா மீளாதா என்பதில் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது. பாசியை மேய்ந்து புதுப் பவளக் குஞ்சுகளுக்கு இடம் பண்ணித் தரும் மீன்கள் அங்கே இருக்க வேண்டும். தண்ணீர் கலங்காமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கெடுக்கிறவை தீவில் எடுக்கப்படும் முடிவுகள். அவை உங்கள் மேஜைக்குத்தான் வருகின்றன.

இதுவரை லட்சத்தீவுப் பாரின் மீன்களைக் காப்பாற்றி வந்தது எந்தச் சட்டமும் இல்லை, சூரை மீன்தான். மினிக்காயில் காலங்காலமாக இருந்த தூண்டில்கழி முறையை 1960-களில் உங்கள் மீன்வளத் துறை மற்ற தீவுகளுக்கும் கற்றுக் கொடுத்தது. மக்கள் கண் வெளிக்கடலின் சூரைமேல் போனது. பார் மீனைச் சாப்பாட்டுக்கு மட்டும் பிடித்தார்கள். என்னையும் ஒரு நாள் காக்கா படகில் ஏற்றிக்கொண்டார். விடியுமுன் களப்பில் நான்கு பேர் ஒரு சதுர வலையை மூலைக்கொருவராகப் பிடித்துத் தரையில் இறக்கினார்கள். ஒருவர் முங்கி, மசித்த சூரைத் துணுக்கைத் தூவினார். விரல் நீளம்கூட இல்லாத வெள்ளி மீன்கள் மேகம் போலத் திரண்டு வந்தன. மெதுவாக வலையைத் தூக்கி, ஒன்றுகூட நசுங்காமல் படகின் நடுவில் ஓட்டைகள் விட்ட தொட்டிக்குள் ஊற்றினார்கள். அந்த ஓட்டைகள் வழியே கடல்நீர் போய் வந்துகொண்டே இருக்கும், இரைமீன் உயிரோடு இருக்கும். வெளிக்கடலில் சூரைக் கூட்டம் கண்ணில் பட்டதும் இரைமீனை வீசி, தண்ணீரைச் சாரலாகத் தெளித்து, முள்ளில்லாத தூண்டிலை வீசினார்கள். ஒரு சுண்டு, மீன் தலைக்கு மேல் பறந்து பின்னால் போய் விழும், தூண்டில் தானாகவே கழன்றிருக்கும். ஒரு தூண்டில், ஒரு மீன். ஆமை மாட்டவில்லை, சுறா மாட்டவில்லை, கழிவு மீன் என்று ஒன்றுகூட இல்லை. இழுவைமடி அள்ளி வருவதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அது நம்ப முடியாத காட்சியாக இருந்தது. அந்தச் சூரைதான் வேகவைத்து, புகைபோட்டு, காய்ந்து மாஸ் ஆகிறது. எங்கள் பக்கத்துச் சமையலறைகளில் மாசி என்று சொல்லுவோம், சம்பலுக்கு அதுதான் உயிர்.

இந்த அருமையான தொழிலுக்கு அடியில் ஒரு கண்ணி இருக்கிறது. இரைமீன்களில் சில கிளைப்பவளத்தின் கிளைகளுக்குள்ளேயே குடியிருப்பவை. பவளம் செத்தால் இரை குறையும். இரை குறைந்தால் சூரைக்குப் போக முடியாது. கடன் வாங்கிப் படகு கட்டினவர் கரையில் சும்மா இருக்க முடியுமா? பக்கத்தில் இருக்கிற பாருக்குத்தான் போவார், களவாவையும் கிளிமீனையும்தான் பிடிப்பார். வெளியூர் வியாபாரிக்கும் விடுதிக்கும் அந்த மீனுக்கு நல்ல விலை. சூரையால் தப்பித்து வந்த பார், சூரைத் தொழில் தடுமாறினால் முதல் பலியாகும்.

பித்ராவைப் பற்றி எழுத வந்தது இதனால்தான்.

பித்ரா உங்கள் தீவுகளில் மக்கள் வாழ்கிற மிகச் சிறிய தீவு. நிலம் சுமார் 10 ஹெக்டேர், களப்போ 45 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 271 பேர். கடற்பறவைகள் முட்டையிட்டுக் கிடந்த இடம் அது. செத்லத் தீவிலிருந்து வந்த ஒரு தாயும் மகனும் 1945 வாக்கில் அங்கே நிலையாகக் குடியேறினார்கள் என்று உங்கள் தீவுக் குறிப்புகளே சொல்கின்றன. வெகுதூரம் என்பதால் அந்தப் பார் தப்பித்திருந்தது.

அந்தப் பாரில் ஒவ்வோர் ஆண்டின் தொடக்க மாதங்களிலும், அமாவாசையை ஒட்டிய சில நாட்கள், ஒரு களவா இனம் கூடுகிறது. உடம்பெல்லாம் நீலப் புள்ளிகள் தெளித்த, வால் நேர்வெட்டாக இருக்கிற பவளக் களவா. மற்ற நாட்களில் ஒன்றுக்கொன்று ஒதுங்கித் தனித்தனியாகத் திரிகிற மீன். அந்தச் சில நாட்களில் மட்டும் தூரந்தொலைவிலிருந்து நீந்தி வந்து ஒரே இடத்தில், ஒரே சரிவில் கூடி, முட்டையிட்டுக் கலைகிறது. இந்த இனம் கூடுவதாக உலகத்தில் தெரியவந்திருக்கும் இடங்களில் இவ்வளவு அடர்த்தி மிக அபூர்வம். ருச்சா கார்க்கரே, ரோஹன் ஆர்தர் முதலானோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் இங்கே ஒரு புதுப் பழக்கத்தைப் பதிவு செய்தார்கள். சாதாரணமாக ஒவ்வொரு ஆணும் ஒரு சின்ன இடத்தைப் பிடித்துக் காவல் காத்து, வருகிற பெண்ணை அழைக்கும். பித்ராவிலோ பெரிய ஆண்கள் சில, பெண்மீன்களின் பெருங்கூட்டத்துக்கு நடுவே போய்க் கூடின. கூட்டம் இவ்வளவு பெருகினால் மட்டுமே தலைகாட்டுகிற பழக்கம் அது. பழைய கடல் எப்படி இருந்திருக்கும் என்பதை இப்படி ஓரிரு இடங்களில்தான் இனிப் பார்க்க முடியும்.

கூடுகிற மீனைப் பிடிப்பது சுலபம், அதுதான் அதன் சாபம். நாளும் இடமும் தெரிந்துவிட்டால் நான்கு படகு போதும், ஒரு வருஷத்து மீனை ஓர் இரவில் வாரிவிடலாம். களவாக்களில் பல முதலில் பெண்ணாக இருந்து, வளர்ந்த பின் ஆணாக மாறுபவை. பெரியதாகப் பார்த்துப் பிடித்தால் ஆணே மிஞ்சாது. கரீபியக் கடலில் நாசோ களவா இப்படிக் கூடிய இடங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாக வெறிச்சோடிப் போயின. ஆனால் அங்கேயே கேமன் தீவுகளில், கூடுகிற இடத்தில் பிடிப்பதை 2003-ல் நிறுத்தினார்கள். விஞ்ஞானிகளும் அரசும் சேர்ந்து ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்தார்கள். சில ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஏறியது, மூன்று மடங்குக்கு மேல். தடைசெய்து பொறுத்திருந்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தப் பித்ராவைத்தான் முழுவதுமாகக் கையகப்படுத்தி, பாதுகாப்பு அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கான சமூகத் தாக்க ஆய்வு அறிவிப்பை 2025 ஜூலையில் வெளியிட்டீர்கள். தேர்ந்தெடுத்த ஊராட்சிகள் செயல்படாதிருந்த நேரத்தில் அது வந்தது. நாட்டின் பாதுகாப்பு எனக்கும் பெரிது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கடற்படையில் இருக்கிறார்கள். ஆனால் கவரத்தியில் 2012 முதல் ஐஎன்எஸ் த்வீப்ரக்ஷக் கடற்படைத் தளம் இருக்கிறது, மினிக்காயில் 2024 முதல் ஐஎன்எஸ் ஜடாயு இருக்கிறது. 10 ஹெக்டேர் மணலில் முந்நூறு பேரைக் கிளப்பிவிட்டுத்தான் மேற்குக் கடலைக் காக்க வேண்டுமா? படகுத்துறைக்காகக் களப்பைத் தோண்டினால் கலங்கும் சேறு எங்கே போகும் என்று யார் பார்ப்பார்கள்? எந்த அமாவாசைக்கு எந்தச் சரிவில் களவா கூடுகிறது, இந்த வருஷம் ஏன் குறைவு, இரவில் வெளிச்சம் போட்டு வந்த படகு யாருடையது என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். அவர்களைக் கிளப்பிவிட்டால் அந்தப் பாருக்குக் காவல்காரரே இருக்க மாட்டார். அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இதில் எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிட வேண்டும். கடல் அட்டை விஷயம். 2001-லிருந்து அதைத் தொடவே கூடாது என்று சட்டம். மன்னார் வளைகுடாவில் குறைந்துபோனதும் கடத்தல்காரர்கள் கண் உங்கள் களப்புகள்மேல் விழுந்தது. அட்டை இந்தியக் கடலில் எங்கே எடுக்கப்பட்டாலும் அது இலங்கைக்குத் தாண்டுகிற வழிகளில் முக்கியமானது எங்கள் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரை. 2020 தொடக்கத்தில் சுஹேலியில் உங்கள் வனத்துறை பிடித்தது 1,716 அட்டைகள், 882 கிலோ. பார்ப்பதற்கு ஒன்றுக்கும் ஆகாத தோல்பை மாதிரி கிடக்கும் அந்த உயிர் இரவும் பகலும் மணலைத் தின்று, சுத்தம் செய்து, வெளியே விடுகிறது. அப்போது அதன் வயிற்றில் கரையும் சுண்ணாம்பு தண்ணீரின் அமிலத்தன்மையைக் கொஞ்சம் தணிக்கிறது, பவளம் கட்டுவதற்கு அது உதவி. அந்த ஆண்டே செரியபாணியில் 239 சதுர கிலோமீட்டரில் கடல் அட்டைக்கென்றே ஒரு பாதுகாப்பு ஒதுக்கிடத்தை அறிவித்தீர்கள். உலகத்தில் அதுதான் முதலாவது. அதற்காக உங்களுக்கு மனமார நன்றி. அட்டைக்குச் செய்ய முடிந்ததைக் களவாவுக்கும் செய்யலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்துதான் எனக்கு வந்தது.

தண்ணீர்மேல் கட்டும் விடுதிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மினிக்காய், சுஹேலி, கட்மத் களப்புகளில் 806 கோடி ரூபாயில் மூன்று திட்டங்கள் என்று 2021-ல் ஒப்பந்தம் கோரினீர்கள். 2024 ஜனவரியில் பிரதமர் வந்து போனபின் உங்கள் தீவுகள்மேல் நாட்டுக்கே ஆசை வந்துவிட்டது. ஆசைப்பட்டு வந்தவர்களில் நானும் ஒருவன்தான், வராதீர்கள் என்று பிறருக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் வந்தவன் கரையில் படுக்கலாம். காக்கா வீட்டு மாடியில் பாய் போட்டு நான் படுத்தேன், ஒரு குறையும் இல்லை, கொடுத்த காசும் அந்த வீட்டுக்கே போனது. களப்புக்குள் தூண் இறக்கினால் அது இறங்குவது இரைமீனின் வீட்டில். உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ரவீந்திரன் குழு 2014-லேயே தீவுகளின் திட்டங்களை மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளூர் அமைப்புகளைக் கலந்தே செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையை மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அகத்தியில் இன்னொன்றும் கவனித்தேன். பேராமைகள் களப்பின் கடற்புல்லை ஒட்ட மேய்ந்து, புல்வெளி மொட்டையாகி, அங்கே குஞ்சு வளர்க்கும் மீனும் குறைந்துபோனதில் மீனவர்களுக்கு ஆமைமேல் கோபம். ஆமையைக் காப்பாற்றச் சொல்கிற என் போன்றவர்களுக்கு இந்தக் கோபம் சங்கடமானது. ஆனால் அது நியாயமான கோபம். ஆமையைச் சட்டம் காக்கட்டும், புல்லை இழந்தவருக்கு ஈடு யார் கொடுப்பது? பாதுகாப்பு என்ற பெயரில் வரும் செலவை எப்போதும் மீனவர் தலையில் மட்டும் வைத்தால், அடுத்த முறை களவாவைக் காக்கச் சொல்லி அதே வாசலில் போய் எப்படி நிற்போம்? 2017 ஒக்கிப் புயலில் கல்பேனியும் மினிக்காயும் அடிவாங்கிக் கிடந்த நேரத்திலும், குமரி மாவட்டத்துப் படகுகள் எத்தனையோ ஒதுங்கியது உங்கள் தீவுக் கரைகளில்தான். அந்த மக்களை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுக்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். பித்ராவின் கூடல் இடத்தை, பித்ரா மக்களின் பொறுப்பில், அமாவாசையை ஒட்டிய அந்த நாட்களுக்கு மட்டுமாவது எந்தத் தூண்டிலும் எந்த வலையும் எந்த முக்குளிப்புப் படகும் போகாத இடமாக அறிவியுங்கள். எந்த மாதங்கள், எந்த எல்லை என்பதை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அந்த நாட்களில் அவர்களுக்குக் குறைகிற வரும்படியை நிர்வாகம் கொடுக்கட்டும், 806 கோடி பேசுகிற இடத்தில் அது பெரிய தொகையாக இருக்காது. எண்ணுவதற்கு ஆய்வாளர்களோடு தீவின் இளைஞர்களையும் சேர்த்துச் சம்பளத்தோடு அமர்த்துங்கள். மழைக்காலம் முடிந்து படகுகள் மறுபடி கடலுக்குப் போகிற செப்டம்பரிலேயே இதற்கான உத்தரவு வந்துவிட்டால், வரப்போகிற தை அமாவாசைக்குள் எல்லை மிதவைகளைப் போட்டுவிடலாம்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

தூத்துக்குடியிலிருந்து, கல் வள்ளத்தில் போன ஒருவரின் பேரன்